வில்லா, குறுக்குவில்லா?

வந்தவாசி என்றதும் கோரைப்பாய் நினைவுக்கு வரும். வரலாறு படிப்பவர்களுக்கு 1760 ஜனவரி 22-ஆம் நாளும் நினைவுக்கு வரும். அன்று அங்கே அயர் கூட் தலைமையில் ஆங்கிலப் படை, லாலி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படையை வென்றது. அது பீரங்கியும் துப்பாக்கியும் முழங்கிய போர்.

துப்பாக்கியைத் தோளில் அணைத்துக் குறிபார்த்து, விரலால் அழுத்திச் சுடுகிறார்கள் அல்லவா? துப்பாக்கி பிறப்பதற்கு வெகு காலம் முன்பே இப்படி இயங்கிய ஓர் ஆயுதம் உண்டு. அதுதான் குறுக்குவில்.

ஒரு மரக்கட்டை, அதன் முனையில் குறுக்கே பொருத்திய வலிமையான வில். நாணை இழுத்து ஒரு கொக்கியில் மாட்டி, அம்பை வைத்துவிட்டால் போதும். அடியிலுள்ள நெம்புகோலை அழுத்தியதும் கொக்கி விலகும், அம்பு பாயும். சீனாவில் 1974-இல் வெளிப்பட்ட சுடுமண் படைவீரர் சிலைகளுக்கு அருகே இத்தகைய வெண்கலக் கொக்கிகள் கிடைத்தன. அவை 2,200 ஆண்டுகள் பழமையானவை. நம் நாட்டில் நிக்கோபார் தீவினரும் நாகர்களும் குறுக்குவில்லைப் பயன்படுத்தினர். மதுரைக் கோட்டையின் காவல் பொறிகளைச் சொல்லும்போது சிலப்பதிகாரம் வில்பொறி ஒன்றையும் குறிப்பிடுகிறது.

சரி, வில் பழக விரும்பும் உங்களுக்கு எது ஏற்றது? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எதில் ஆற்றல் அதிகம்?

வில்லை வளைக்கும்போது நாம் செய்யும் வேலை அதில் நிலை ஆற்றலாகச் சேர்கிறது. விசை சுழியிலிருந்து சீராகக் கூடுவதால், சேரும் ஆற்றல் ஏறக்குறைய இறுதி விசையில் பாதியை இழுத்த தூரத்தால் பெருக்கியதற்குச் சமம்.

ஒரு கைவில்லை 160 நியூட்டன் விசையில் (சுமார் 16 கிலோகிராம் எடை) அரை மீட்டர் இழுப்பதாகக் கொள்வோம். ஆற்றல் 40 ஜூல். ஒரு குறுக்குவில்லை 600 நியூட்டன் விசையில் கால் மீட்டர் இழுப்பதாகக் கொள்வோம். ஆற்றல் 75 ஜூல். கவனித்தீர்களா? விசை ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆற்றலோ இரண்டு மடங்குகூட இல்லை! இழுக்கும் தூரம் குறைந்ததே காரணம். மேலும், தடித்த வில்லின் கைகளை அசைக்கவே அந்த ஆற்றலில் ஒரு பகுதி செலவாகிவிடும்.

குறுக்குவில்லின் உண்மையான நன்மை வேறு. இழுத்த நாணைக் கொக்கி தாங்கிக்கொள்கிறது. கை நடுங்காமல், நிதானமாகக் குறிபார்க்கலாம். குறைந்த பயிற்சியே போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் நாணேற்ற நேரமாகும். 1346-இல் பிரான்சில் நடந்த கிரெசிப் போரில், ஜெனோவா நாட்டுக் குறுக்குவில் வீரர்கள் ஓர் அம்பு எய்வதற்குள் ஆங்கிலேய வில்லாளர் பல அம்புகளை எய்துவிட்டனர். குறுக்குவில் வீரர்கள் தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

விளையாட்டுக்கு எது?

1972 முதல் ஒலிம்பிக்கில் தொடர்ந்து நடைபெறும் வில்வித்தைப் போட்டியில் குறுக்குவில்லுக்கு இடமில்லை. "என் கைக்கு அவ்வளவு வலிமை இல்லையே!" என்கிறீர்களா? தொடக்கப் பயிற்சிக்கு எளிதில் வளையும் வில் உண்டு. கூட்டுவில்லின் முனைகளில் உள்ள உருளைகளோ, முழுவதும் இழுத்தபின் தாங்கவேண்டிய விசையை வெகுவாகக் குறைத்துவிடுகின்றன. இரு கைகளும் இல்லாத ஷீத்தல் தேவி, காலால் கூட்டுவில்லைப் பிடித்து எய்து, 2024 பாரிஸ் பாராலிம்பிக் கலப்பு அணிப் போட்டியில் ராகேஷ் குமாருடன் வெண்கலப் பதக்கம் வென்றார். ஆகவே பயிற்சியாளரிடம் சென்று கைவில்லில் தொடங்குவதே நல்லது.

வேட்டைக்கு எது?

இரண்டும் வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட விலங்குகளையும் பறவைகளையும் வேட்டையாடுவது குற்றம். வந்தவாசிக்குக் கிழக்கே உள்ள வேடந்தாங்கலை நினைத்துப் பாருங்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாவதை அவ்வூர் மக்கள் அறிந்திருந்தனர். பறவைகளைச் சுடவந்தவர்களைத் தடுக்க, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேயக் கலெக்டரிடம் உரிமைப் பத்திரம் பெற்றனர். கொல்லாமல் காத்ததால் விளைச்சல் கண்ட ஊர் அது!

செய்து பாருங்கள்

பள்ளி ஆய்வகத்தில் ஒரு மூங்கில் பிளாச்சை வளைத்துக் கயிறு கட்டுங்கள். அம்பு வேண்டாம். நாணின் நடுவில் சுருள்தராசை மாட்டி, 2 சென்டிமீட்டருக்கு ஒருமுறை விசையைக் குறித்துக்கொள்ளுங்கள். தூரத்தைக் கிடையாகவும் விசையைச் செங்குத்தாகவும் கொண்டு வரைபடம் வரையுங்கள். கோட்டின் கீழுள்ள பரப்பே சேர்ந்த ஆற்றல். அளந்தபின் நாணைச் சட்டென்று விட்டுவிடாதீர்கள். அம்பு இல்லாவிட்டால் ஆற்றல் முழுவதும் வில்லின்மேலேயே பாயும். வில் முறிந்து கண்ணில் படலாம். மெல்லத் தளர்த்துங்கள்.

நாணேற்றிய குறுக்குவில்லில் இந்த ஆற்றல் எந்நேரமும் கொக்கிக்குப் பின்னால் காத்திருக்கிறது. தவறி ஒரு விரல் பட்டாலும் அம்பு பாய்ந்துவிடும். கைவில்லில் அப்படி இல்லை; நீங்கள் இழுத்துப் பிடித்திருக்கும் வரைதான் அது ஆயுதம். தேர்ந்தெடுக்கும்போது இந்த வேறுபாட்டை மறக்காதீர்கள்.