கிணத்து நீச்சல் கடலுக்குப் போதுமா?



நம்ம ஊர் பலாவுக்கும் முந்திரிக்கும் பேர் போனது. கடல் நமக்குப் பழக்கமில்லை. ஆனால் நம்ம ஊர் வழியாக ஓடும் கெடிலம் ஆறு கடலூரில்தான் கடலில் கலக்கிறது. சுமார் 25 கிலோமீட்டர்தான். எங்க அம்மா பிறந்த ஊர் தேவனாம்பட்டினம். மாமா அங்கே மீன் பிடிக்கிறார். சிறிய மரத்தில் மீன்பிடிக்கப் பழகுவது எப்படி என்று அவரிடம் கேட்டு எழுதியிருக்கிறேன்.

கட்டுமரமும் கயாக்கும்

எடை குறைந்த மரங்களைக் கயிற்றால் கட்டினால் கட்டுமரம். ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்ற சொல் இதிலிருந்துதான் போனது. பனிப் பிரதேசத்தில் வாழும் இனுயிட் மக்கள் எலும்பு, மரச் சட்டத்தின் மேல் சீல் தோலைப் போர்த்திச் செய்த சிறு படகுதான் கயாக்.

இரண்டும் மிதப்பது ஒரே விதிப்படிதான். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்கும். ஆனால் கயாக் உள்ளே குடைவானது. தண்ணி ஏறினால் இறைக்க வேண்டும். கட்டுமரத்தில் அலை ஏறினாலும் தண்ணி இடுக்கு வழியாக வடிந்துவிடும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலூர்ப் பக்கம் நிறைய பேர் ஃபைபர் படகுக்கு மாறிவிட்டார்கள். மாமாவிடம் ஃபைபர் படகோடு ஒரு கட்டுமரமும் இருக்கிறது.

நடந்த சம்பவம்

போன தை மாசம் எங்க சித்தப்பா பையன் அண்ணன் என்னோடு வந்தான். எங்க கொல்லைக் கிணத்தில் தலைகீழாகக் குதிப்பான். மாமா லைஃப் ஜாக்கெட் கொடுத்தார். "எனக்குத்தான் நீச்சல் தெரியுமே மாமா" என்று போடவில்லை.

கரையோரம் அலை மடிந்து உடையும் இடத்தில் மரம் தூக்கிப் போட்டது. அண்ணன் விழுந்துவிட்டான். வாயிலும் மூக்கிலும் உப்புத்தண்ணி. எந்தப் பக்கம் கரை என்றே தெரியவில்லையாம். அடுத்த அலையில் மரம் அவன் தலை மேல் வருவதற்குள் மாமா சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். கரையில் நின்ற எனக்குக் கத்தக்கூட சத்தம் வரவில்லை. அண்ணன் வாடைக்காற்றில் வெடவெடன்னு நடுங்கினான்.

மாமா திட்டவில்லை. "கிணத்துல தண்ணி நிக்கும், நீ நீந்துவ. கடல்ல தண்ணியே நடக்கும்டா" என்றார்.

குளிர்ந்த கடல் என்றால்?

நம்ம கடல் மார்கழி, தையில்கூட வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். நார்வே, கனடா போன்ற நாடுகளில் அப்படி இல்லை. 15 டிகிரிக்கும் குறைந்த தண்ணியில் திடீரென விழுந்தால் நம்மை அறியாமலே மூச்சை இழுத்துவிடுவோம். அப்போது வாய் தண்ணிக்குள் இருந்தால் ஆபத்து.

ரொம்பக் குளிர்ந்த தண்ணிக்கு 1-10-1 என்று ஒரு கணக்கு சொல்கிறார்கள். முதல் 1 நிமிடத்தில் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். சுமார் 10 நிமிடம் வரைதான் கை கால் சொன்னபடி கேட்கும். சுமார் 1 மணி நேரத்தில் உடல் குளிர்ந்து நினைவு தப்பும். அதனால் அங்கே வெயில் அடித்தாலும் காற்றைப் பார்த்து உடுத்த மாட்டார்கள், தண்ணியைப் பார்த்து உடுத்துவார்கள். உடம்போடு ஒட்டிய ரப்பர் உடையும் மேலே லைஃப் ஜாக்கெட்டும் போடுவார்கள்.

மாமா சொன்ன பாடங்கள்

1. புது இடத்தில் தனியாக இறங்காதே. அந்தக் கடல் தெரிந்தவரோடு போ.

2. முதலில் அலை இல்லாத கழிமுகத்தில் துடுப்பு போடப் பழகு.

3. கரைக்குப் பக்கத்திலேயே வேண்டுமென்று விழுந்து, திரும்ப ஏறிப் பழகு. இது தெரியாமல் ஆழத்துக்குப் போகாதே.

4. காற்றைப் பார். விடியற்காலை கரையிலிருந்து கடலுக்கு வீசும் நிலக்காற்று போக உதவும். மதியம் வீசும் கடல்காற்று திரும்ப உதவும்.

5. கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் எந்த எண் என்றாலும் இறங்காதே. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் நம்ம பலா மரங்களையே சாய்த்ததை அப்பா இன்னும் சொல்வார். அப்படியானால் கடலில் எப்படி இருந்திருக்கும்!

6. தூண்டில் நரம்பைக் கையில் சுற்றிக் கட்டாதே. பெரிய மீன் இழுத்தால் கை அறுபடும், ஆளும் விழலாம்.

7. விழுந்தால் மரத்தை விட்டு நீந்தாதே. மரத்தைப் பிடித்து மிதந்துகொண்டிரு. அலை உடையும் இடத்தில் மட்டும் மரத்துக்கும் கரைக்கும் நடுவில் நிற்காதே.

8. எப்போது திரும்புவாய் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படைக்கு 1554.

இப்போது அண்ணன் ஜாக்கெட் போட்டுத்தான் மரம் ஏறுகிறான். கெடிலம் கழிமுகத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை விழுந்து விழுந்து ஏறிப் பழகினான். நாலாவது வாரம் ஒரு சின்னக் கெளுத்தி பிடித்தான். "என் கதையையும் எழுது, ஆனா பேரைப் போடாத" என்று கேட்டுக்கொண்டான். போடவில்லை!

லீவில் கடலூருக்குப் போகும் தோழர்களே, நம்ம ஊர்க் கிணத்தில் நாம் சூரர்கள்தான். கடலில் நாம் ஒன்றாம் வகுப்பு. ஒன்றாம் வகுப்பில் டீச்சர் கையைப் பிடித்துத்தானே எழுதப் பழகினோம்?



– 9-ஆம் வகுப்பு மாணவி