முப்பத்தொரு விசைகள்

நுழையும்முன்
அறிவியல் கணிப்பானின் ஒரே விசை, அதற்குமுன் அழுத்தப்படும் விசைக்கேற்ப வெவ்வேறு குறிகளைத் தருகிறது. சில விசைகளால் பல குறிகளைப் பெறும் இவ்வுத்தி, 247 எழுத்துகளை உடைய தமிழுக்கு இன்றியமையாதது. அதனைத் தமிழ் எவ்வாறு பெற்றது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கண்காணும் வரிசை
பொள்ளாச்சியை அடுத்த ஆனைமலையின் பெயரில் னை, லை என்னும் இரண்டு ஐகார உயிர்மெய்கள் உள்ளன. முற்காலத்தில் இவை யானையின் தும்பிக்கைபோல் வளைந்த கோட்டுடன் எழுதப்பட்டன. பெரியார் 1935இல் குடிஅரசு இதழில் எளிய வடிவங்களைக் கையாளத் தொடங்கினார். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. தட்டச்சுப்பொறியிலோ, னை எழுத இணைக்கொம்பை முதலிலும் னகரத்தைப் பின்னரும் தட்டவேண்டும். கண்காணும் வரிசையே அங்குக் கையின் வரிசை.

இலக்கண வரிசை
1999இல் சென்னையில் தமிழ்இணையம் 99 மாநாடு நடைபெற்றது. அதன்வழி உருவான தமிழ்99 விசைப்பலகை, மெய்யோடு உயிர் சேர உயிர்மெய் பிறக்கும் என்னும் இலக்கண விதியையே அடிப்படையாகக் கொண்டது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 விசைகளே தமிழெழுத்துகள் அனைத்திற்கும் போதுமானவை. மெய்க்குரிய விசை அகரமேறிய எழுத்தைத் தரும். அடுத்து உயிரை அழுத்தினால் உரிய உயிர்மெய் தோன்றும். ஆ, ன, ஐ, ம, ல, ஐ என்னும் ஆறு அழுத்தங்களில் ஆனைமலை உருவாகும்.

ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதலெழுத்து தானே புள்ளி பெறும். ப, ஒ, ள, ள, ஆ, ச, ச, இ என எட்டு அழுத்தங்களில் பொள்ளாச்சி வந்துவிடும். மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வந்தாலும் அவ்வாறே. க, ஒ, ங, க, உ என அழுத்தக் கொங்கு என அமையும். பிற இடங்களில் புள்ளியிட ஆய்த விசை உதவும்.

வடிவம் ஒன்று, எழுத்து வேறு
ஔ என்னும் ஓரெழுத்துக்கு மாற்றாக ஒ, ள என இரண்டெழுத்துகளை இடுவோர் உளர். கண்ணுக்கு வேறுபாடு புலப்படாது. கணினிக்கோ அவை வேறு. அவ்வாறு பதிந்த ஔவையாரின் பாடல், தேடுவோர் கைக்கு எட்டாமலே போகலாம். பிழையற உள்ளிடுவதும் நூலைக் காக்கும் பணியே ஆகும்.

தெரியுமா?
ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ௰ (பத்து), ௱ (நூறு), ௲ (ஆயிரம்), ௳ (நாள்), ௴ (மாதம்), ௵ (ஆண்டு) ஆகியனவும் அவற்றுள் இடம்பெற்றுள்ளன. 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றபோது, தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

கற்பவை கற்றபின்...
1. உங்கள் ஊர்ப்பெயரைத் தமிழ்99 முறையில் எழுத எத்தனை அழுத்தங்கள் தேவை எனக் கணக்கிடுக.
2. எ என்னும் எழுத்தையும் ௭ என்னும் எண்ணையும் மாற்றி உள்ளிடுவதால் விளையும் இடர்கள் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.