ஐந்து மணிக்கே இருட்டுகிற ஊர்

அந்தமானுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை ஒரு டிசம்பரில், பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறைக்கு. பயண முகவர் ஒருவர் தந்த ஐந்து நாள் திட்டத்தை அப்படியே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். முதல் நாள் மதியம் இறங்கியதும் செல்லுலார் சிறை, மறுநாள் ரோஸ் தீவு, மிச்சமெல்லாம் கடற்கரை. சென்னையிலிருந்து விமானம் இரண்டேகால் மணி நேரம்தானே, இறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனால் போகிறது என்று நினைத்தோம். சிறை வாசலை எட்டியபோது மணி மூன்றரை. ஒரு பகுதியை நடந்து முடிப்பதற்குள் வெயில் மஞ்சளாகிவிட்டது. ஐந்தேகாலுக்கு ஊரே விளக்குப் போட்டுவிட்டது. சின்னவன் தூக்கத்தில் என் தோளில் கிடந்தான்.

அந்தமான் நமக்குக் கிழக்கே 1,300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. கடிகாரம் மட்டும் நம்முடையது. அதனால் சூரியன் சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடுகிறது. இந்த ஒரு விஷயத்தை எந்தத் திட்டத் தாளிலும் யாரும் எழுதித் தரவில்லை. நம் ஊர்ப் பழக்கத்தில் எட்டரைக்கு இட்லி, பத்து மணிக்கு வண்டி என்று ஆரம்பித்தால், பாதிப் பகல் படுக்கையிலேயே கழிந்திருக்கும். விடிகாலையில் எழுந்து, நடக்க வேண்டியதையெல்லாம் மூன்று மணிக்குள் நடந்து முடித்துவிட்டு, பிறகு கடலுக்குப் போவதுதான் அங்கே செல்லுபடியாகும் கணக்கு.

இரண்டாம் முறை போனது பிப்ரவரியில். திட்டத்தை நானே போட்டேன். கூடவே மாமனாரும் வந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், முழங்கால் வலிக்காரர், கையில் எப்போதும் ஏதாவது ஒரு சரித்திரப் புத்தகம். விமானச் சக்கரம் தரையைத் தொட்டதுமே ஆரம்பித்தார். "மாப்பிள்ளை, இந்த ரன்வேயை முதல்ல போட்டது ஜப்பான்காரன். இந்த ஊர் ஜனத்தை அடிச்சு வேலை வாங்கிப் போட்டது. நீங்க வெளிய போய் எதைத் தேடப் போறீங்க? அதுலதான் இறங்கியிருக்கோம்."

அவர் சொன்னதில்தான் எனக்கு இந்தப் பயணம் பிடிபட்டது. அந்தமான் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது வெள்ளைக்காரன் கட்டிய சிறை மட்டும்தான். அங்கே போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதோடு சரித்திரத்தை முடித்துக்கொண்டு முகமூடி மாட்டிப் பவளம் பார்க்கப் போய்விடுகிறார்கள். ஆனால் 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கியதிலிருந்து 1945 அக்டோபரில் சரணடைந்தது வரை, மூன்றரை ஆண்டு இந்தத் தீவுகள் போருக்குள் இருந்தன. அந்தக் கதை ஒரே கட்டடத்துக்குள் இல்லை. கடற்கரைகளில் சிதறிக் கிடக்கிறது. அதனால்தான் கடலையும் போரையும் தனித்தனி நாட்களாகப் பிரித்தால் இரண்டுமே அரைகுறையாகிவிடுகின்றன.

சிறையை இரண்டாம் நாள் காலைக்கு வையுங்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு, எந்த நாள் என்று போகும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஏழு சிறகுகளில் இன்று நிற்பவை மூன்று. மிச்சம் இருந்த இடத்தில் இப்போது அரசு மருத்துவமனை. அங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் விடுதலைப் போராட்ட வீரர்களின் கதை, அது நியாயமும்கூட. ஆனால் அதே அறைகளில் ஜப்பானியர் காலத்தில் அடைபட்டுக் கிடந்தவர்கள் உள்ளூர் ஜனங்கள். உளவு பார்த்தார்கள் என்று பிடித்துவந்து சித்திரவதை செய்தார்கள். திவான் சிங் என்ற மருத்துவர், பஞ்சாபிக் கவிஞர், இந்திய சுதந்திர லீக்கின் உள்ளூர்த் தலைவர், அங்கேதான் வதைபட்டு 1944 ஜனவரி 14 அன்று இறந்தார். ஊருக்குள் இருக்கும் குருத்வாரா இன்று அவர் பெயரில் இருக்கிறது. சிறைக்குப் பிறகு ஒரு நடை அங்கே போய் வரலாம்.

நெஞ்சை உறுத்துவது தேதிகள்தான். 1943 டிசம்பர் 29 அன்று நேதாஜி போர்ட் பிளேருக்கு வருகிறார், மறுநாள் ஜிம்கானா மைதானத்தில் மூவர்ணக் கொடி ஏறுகிறது. திவான் சிங் அப்போது சிறைக்குள் கிடக்கிறார். ஜப்பானியர் காட்டியதைத்தான் நேதாஜியால் பார்க்க முடிந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஜனவரி 30 அன்று, 44 பேரை ஊருக்கு வெளியே ஹம்ப்ரிகஞ்சுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் பெரும்பாலோரும் அதே சுதந்திர லீக்கைச் சேர்ந்தவர்கள்தான். தீவுகளை நிர்வகிக்க நேதாஜி அனுப்பிய மேஜர் ஜெனரல் ஏ. டி. லோகநாதன் ஒரு தமிழர், ராணுவ மருத்துவர். பேருக்குத்தான் ஆளுநர். காவல் துறையை ஜப்பானியர் விட்டுத் தரவே இல்லை. கடைசியில் அவர் கைக்கு வந்தது கல்வித் துறை மட்டும். பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார் என்று மாமனார் சொன்னபோது, என் மகளுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

ஹம்ப்ரிகஞ்சில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. நாங்கள் அமர்த்திய ஆட்டோக்காரர் இரண்டாம் தலைமுறைத் தமிழர், அப்பா ராமநாதபுரம் பக்கம். "அண்ணே, ஜெயில பாத்ததும் எல்லாரும் பீச்சுக்குத்தான் விடச் சொல்வாங்க. இங்க கூட்டிட்டுப் போகச் சொன்னது நீங்கதான்" என்றார். இப்படிப்பட்ட இடத்துக்கு முன்பே பேசி வண்டி வைத்துக்கொள்வது நல்லது. தமிழ் பேசும் ஓட்டுநர் கிடைப்பது போர்ட் பிளேரில் கஷ்டமே இல்லை. வாடகையோடு பேச்சுத் துணையும் கிடைக்கும்.

ரோஸ் தீவில் முதல் முறை செய்த தப்பு, மூன்று தீவுகளைச் சேர்த்து விற்கும் சீட்டை வாங்கியது. போட்டில் ஏற்றி, இறக்கி, விசில் ஊதி, ரோஸில் ஒரு மணி நேரம்கூட விடவில்லை. அடுத்த முறை ரோஸுக்கு மட்டும் சீட்டு எடுத்து, காலை முதல் போட்டில் போனோம். அபர்தீன் ஜெட்டியிலிருந்து கண்ணுக்கு எதிரே தெரிகிற தூரம்தான். 1942 வரை வெள்ளைக்காரர் தலைமையிடம் அதுவே. தேவாலயம், ரொட்டி அடுப்புக்கூடம், ஆணையர் மாளிகை என்று எல்லாவற்றின் சுவர்களையும் ஆலம்வேர்கள் விழுங்கிக்கொண்டிருக்கின்றன. சிதிலங்களுக்குள் புள்ளிமான்கள் மேய்கின்றன. எல்லோரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். கடலோரமாக இறங்கினால் ஜப்பானியர் கட்டிய பங்கர்கள். தடித்த கான்கிரீட், ஆள் குனிந்து நுழையும் வாசல், கடலைப் பார்த்து ஒரு கண். உள்ளே நின்று அந்தக் கண் வழியாகப் பாருங்கள். அங்கிருந்து தெரிவது எதிரிக் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருந்தவன் பார்த்த அதே நீலம். முழங்கால் வலிக்காரருக்கு பேட்டரி வண்டி கிடைத்தது. குடிதண்ணீர் மட்டும் கையோடு கொண்டுபோங்கள்.

குளிக்கவும் வேண்டும், போரையும் பார்க்க வேண்டும் என்றால் கார்பின்ஸ் கோவ் போதும். கடற்கரைக்குப் போகும் சாலையோரத்திலேயே பங்கர்கள் நிற்கின்றன. பிள்ளைகள் ஈர உடையோடு அவற்றின்மேல் ஏறி விளையாடுகிறார்கள். அதட்டத் தோன்றவில்லை. ஆனால் முதலை எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தால் முழங்கால் தண்ணீரில்கூட இறங்காதீர்கள். அங்கே வைக்கிற பலகை சும்மா வைப்பதில்லை.

ஹேவ்லாக்கை நான் கடைசியில்தான் வைப்பேன். பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். 2018 டிசம்பர் முதல் ஹேவ்லாக் 'ஸ்வராஜ் தீவு', நீல் 'ஷஹீத் தீவு', ரோஸ் 'நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு'. 2024இல் போர்ட் பிளேர் 'ஸ்ரீ விஜயபுரம்' ஆகிவிட்டது. டிக்கெட் எடுக்கும்போது இரண்டு பெயரிலும் தேடிப் பாருங்கள். ஜெட்டியில் நிற்கிறவர்கள் வாயில் வருவது பழைய பெயர்தான்.

முதல் முறை ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் நான் பார்த்தது மணலும் காடும் மட்டும். இரண்டாம் முறை போனபோது அந்தத் தீவைப் பற்றி ஒன்று தெரிந்திருந்தது. 1945 ஆகஸ்டில், உணவுத் தட்டுப்பாடு வந்த நேரத்தில், உழைக்க முடியாதவர்கள், வேண்டாதவர்கள் என்று சில நூறு பேரைக் கப்பலில் ஏற்றி, ஹேவ்லாக் கரைக்கு அருகே நடுக்கடலில் தள்ளினார்கள் ஜப்பானியர்கள். பலர் மூழ்கினார்கள். நீந்திக் கரையேறியவர்கள் ஆளில்லாத தீவில் பட்டினி கிடந்து செத்தார்கள். உயிரோடு மிஞ்சியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. போர் முடிய அப்போது சில நாட்களே பாக்கி. இன்று அங்கே இருக்கும் ஊர்கள் எல்லாம் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்களுடையவை. நான் தேடியவரை இந்தச் சாவுகளைச் சொல்லும் பலகை எதுவும் கண்ணில் படவில்லை.

இதைப் பிள்ளைகளிடம் கடற்கரைக்குப் போகும் முன் சொல்வதா, பின்னால் சொல்வதா என்று வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. மனைவி பின்னால் என்றாள். அவள் சொன்னபடியே குளித்து, தின்று, ஆடி முடித்த பிறகு, இரவில் சொன்னோம். மகள் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை எல்லோருக்கும் முன் எழுந்து கடலோரம் நடந்துவிட்டு வந்தாள்.

கப்பல் விஷயத்தில் கறாராக இருங்கள். தனியார் கப்பல்களும் உண்டு, அரசுக் கப்பல்களும் உண்டு. கடல் கொந்தளித்தால் இரண்டும் நிற்கும். முதல் பயணத்தில் ஹேவ்லாக்கிலிருந்து நேராக விமானத்தைப் பிடிக்கத் திட்டம் போட்டிருந்தோம். காற்று எழும்பியது, கப்பல் ஓடவில்லை, விமானம் எங்களை விட்டுவிட்டுப் போனது. கிளம்பும் நாளுக்கு முந்தின இரவு போர்ட் பிளேரில்தான் படுக்க வேண்டும் என்று அன்றைக்கு ஆன செலவு கற்றுத் தந்தது. ரொக்கம் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மணல் ஈக் கடிக்குத் தேங்காய் எண்ணெய். கிளிஞ்சலோ பவளமோ பையில் போடாதீர்கள், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

இரண்டாம் முறை, அப்படி போர்ட் பிளேரில் தங்கிய கடைசி நாள் சாயங்காலம்தான் ஜிம்கானா மைதானத்துக்குப் போனோம். இப்போது அது நேதாஜி ஸ்டேடியம். 1943இல் கொடி ஏறிய அதே இடத்தில்தான் 1945 அக்டோபர் 7 அன்று ஜப்பானிய வைஸ் அட்மிரல் ஹாரா, பிரிகேடியர் சாலமன்ஸ் முன்னால் சரணடைந்தார். மாமனார் ஒரு படியில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டே இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். கீழே பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். இந்தி, வங்காளி, தமிழ் எல்லாம் கலந்த கூச்சல். கொஞ்ச நேரத்தில் பந்து யாருக்கும் தெரியாமல் போனது. ஒருவன் அதைத் தேடி எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான், எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.