குளிர்ந்த இடம் தேடும் கிருமி

சித்திரை மாதத்து உச்சி வெயிலில் மதுக்கரை தர்மலிங்கேசுவரர் மலையில் வெறுங்காலுடன் ஏறியவர்களுக்குத் தெரியும்: பாறை சுடும்போது யாரும் நிதானமாக நடப்பதில்லை. குதிகாலை ஊன்றாமல், விரல் நுனியில், நிழல் கண்ட இடத்துக்குத் தாவித் தாவிச் செல்கிறோம். வழியில் ஒரு சுண்ணாம்புக்கல் சில்லு குத்தினால், 'ஐயோ' என்று வாய் சொல்வதற்கு முன்பே பாதம் உடலின் பாரத்தை மறுபக்கத்துக்கு மாற்றிவிடுகிறது. இவற்றை நாம் யோசித்துச் செய்வதில்லை. தோலுக்கு அடியில் உள்ள நரம்பு முனைகள் தரும் செய்தியால் இவை தாமாகவே நடக்கின்றன.

அந்த நரம்புகள் பழுதடைந்தால் என்ன ஆகும்? பழுது எந்த இடத்தில் என்பதை, உடலைத் திறந்து பாராமலே மருத்துவர் எப்படி அறிகிறார்? அவருடைய கருவிகளைப் பாருங்கள். ஒரு ரப்பர்ச் சுத்தியல், வெந்நீரும் குளிர்நீரும் நிரப்பிய இரு சோதனைக் குழாய்கள், ஒரு நைலான் இழை. உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே கிடைக்கக்கூடிய பொருள்கள்தாம்! மருத்துவக் கல்லூரி மாணவர்கள் நரம்பியல் தேர்வுக்காக உருப்போடும் பாடம் ஒன்றை, வெப்பநிலை, அழுத்தம் என்ற இரண்டையும் துணைக்கு வைத்துக்கொண்டு நாமும் புரிந்துகொள்ள முயல்வோம். எடுத்துக்கொள்ளப் போகும் நோய் தொழுநோய்.

தொழுநோயைத் தோல் நோய் என்றே பலரும் எண்ணுகிறார்கள். தோலில் தெரிவது உண்மைதான். ஆனால் கிருமி விரும்பிக் குடியிருப்பது நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள உயிரணுக்களில். இக்கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டார். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் முயன்றும், கண்ணாடிக் கலத்தில் இதை வளர்க்க இன்றுவரை முடியவில்லை. 1960இல் அமெரிக்காவில் ஷெப்பர்ட் என்பவர் எலியின் பாதத்தில் வளர்த்துக் காட்டினார். 1971இல் கவசம் போன்ற ஓடு கொண்ட ஆர்மடில்லோ என்ற விலங்கில் இது நன்கு வளர்வது தெரிந்தது. எலியின் உடலில் எத்தனையோ உறுப்பு இருக்கப் பாதம் ஏன்? விலங்குகள் எத்தனையோ இருக்க ஆர்மடில்லோ ஏன்? விடை ஒன்றுதான். எலியின் பாதம் அதன் உடலைக் காட்டிலும் குளிர்ந்தது. ஆர்மடில்லோவின் உடல் வெப்பநிலை நம்முடையதைவிடக் குறைவு. இக்கிருமிக்கு உகந்தது ஏறக்குறைய 30 முதல் 33 செல்சியஸ் டிகிரி. நம் உடலின் உட்பகுதியோ 37 டிகிரி.

இனி உங்கள் உடலையே ஒரு வெப்பநிலை வரைபடமாக எண்ணிப் பாருங்கள். காது மடல், முழங்கையின் வெளிப்பக்கம், புறங்கை, முழங்கால், பாதம் ஆகியவை காற்றுக்கு வெப்பத்தை இழந்து குளிர்ந்திருக்கும். அக்குள், முழங்கை மடிப்பின் உட்பக்கம், முதுகின் நடுப்பகுதி ஆகியவை கதகதப்பானவை. நோய் முற்றியவர்களிடம் உணர்ச்சி இழந்த இடங்களை மையால் குறித்துக்கொண்டே போனால், இந்த வரைபடமே கிடைக்கிறது! சாபின் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 1969இல் இதனை விரிவாக எழுதினார். நரம்பின் பாதையோ முதுகெலும்பின் கணக்கோ இந்த எல்லைகளை வரையவில்லை. வெப்பநிலை வரைந்திருக்கிறது.

இங்கேதான் சுத்தியல் உதவிக்கு வருகிறது. கணுக்காலுக்குப் பின்னால் உள்ள தடித்த தசைநாணைச் சுத்தியலால் தட்டினால், கெண்டைக்கால் தசை சற்றே இழுபடும். அந்தச் செய்தி தண்டுவடத்துக்குப் போய்த் திரும்ப, பாதம் துள்ளும். இந்தச் செய்தியைச் சுமக்கும் இழைகள் தசைக்குள் ஆழத்தில், வெதுவெதுப்பில் இருப்பவை. எனவே தொழுநோயில் பாதத்தின் தோல் முற்றிலும் மரத்துப் போயிருந்தாலும், கணுக்கால் துள்ளல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். சர்க்கரை நோயிலும் பாதம் மரத்துப் போகிறது. ஆனால் அதில் மிக நீளமான நரம்பு இழைகள் முதலில் கெடுகின்றன. தோலின் இழை, தசையின் இழை என்ற பாகுபாடு அவ்வளவாக இல்லை. எனவே கணுக்கால் துள்ளல் வெகு சீக்கிரம் மறைந்துவிடுகிறது. இருவருக்கும் மரத்துப் போன பாதம். ஆனால் ஒரே ஒரு தட்டில் வேறுபாடு தெரிகிறது. விலை உயர்ந்த எந்திரங்கள் வந்த பின்னும் நரம்பியல் மருத்துவர்கள் சுத்தியலைக் கைவிடாததில் எனக்கு வியப்பில்லை.

தோலின் சிறு இழைகள் மட்டும் அல்ல, பெரிய நரம்புகளும் தோலுக்கு அருகே மேலெழுந்து வரும் இடங்களில் தாக்கப்படுகின்றன. முழங்கையின் பின்னால் மேசை விளிம்பு பட்டால் சுண்டுவிரல் வரை 'விர்' என்று இழுக்கும் அல்லவா? அங்கே ஓடும் அல்னார் நரம்பு அத்தகையது. மணிக்கட்டுக்கு அருகே மீடியன் நரம்பும் அவ்வாறே. இவை கெட்டால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் கொக்கி போல் மடங்கிவிடும்.

நம் கொங்கு நாட்டுக் கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேயர் பால் பிராண்டு, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். 1947இல் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, விரல்கள் மடங்கிய ஒருவரின் கையைப் பற்றினார். அந்தக் கை அவர் கையை நோகும்படி இறுக்கிப் பிடித்தது! செயலிழந்த கை என்று எல்லோரும் கருதியதில் இவ்வளவு வலுவா? விரல்களை மடக்கும் பெரிய தசைகள் முன்கையின் ஆழத்தில் உள்ளன. அவற்றுக்கான கிளைகள், மீடியன் நரம்பு மணிக்கட்டை அடையுமுன்பே, வெதுவெதுப்பான பகுதியிலேயே பிரிந்துவிடுகின்றன. ஆகவே அவை நலமாக இருந்தன. வலுவுள்ள அத்தகைய தசை ஒன்றின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்குப் பொருத்தினால் விரல் நிமிரும் என்று அவர் கணக்கிட்டார். அந்தக் கணக்குப் பலித்தது.

ஆனால் விரல்கள் குட்டையாவது ஏன்? நோய் சதையை அழுகச் செய்கிறது என்றே அக்காலத்தில் நம்பினர். ஒருநாள் பிராண்டு துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் திணறினார். நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். பிராண்டு அவன் கையைப் பார்த்தார். விரல் எலும்பு வரை வெட்டுப்பட்டிருந்தது. சிறுவனுக்கோ ஒன்றும் தெரியவில்லை. அவன் பிராண்டைவிட வலுவானவன் அல்லன். சாவியின் மெல்லிய விளிம்பு விரலில் பதியும்போது வலி நம்மை நிறுத்துகிறது. அவனை நிறுத்த ஒன்றும் இருக்கவில்லை. விரல்களை அழிப்பவை பெரும்பாலும் இத்தகைய அன்றாடக் காயங்களே என்று அவர் குழுவினர் ஒவ்வொன்றாகக் கவனித்து நிறுவினார்கள். இரவில் எலி கடித்ததைக்கூட உணராமல் தூங்கிய நோயாளிகளும் இருந்தார்கள்.

இன்று இந்நோய்க்குக் கூட்டு மருந்து உண்டு. 6 மாதமோ 12 மாதமோ உட்கொண்டால் கிருமி ஒழியும். அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆயினும் ஆண்டுதோறும் உலகில் கண்டறியப்படும் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியாவில்தான் உள்ளனர். மருந்து கிருமியைக் கொல்லுமே தவிர, நெடுநாள் முன் இறந்த நரம்பை உயிர்ப்பிக்காது. நரம்பு செயலிழந்து ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆகையால், தோலில் வெளிறிய அல்லது சிவந்த படை ஒன்று தொடுவது தெரியாமல் மரத்திருந்தால் உடனே ஆரம்பச் சுகாதார நிலையத்தில் காட்டவேண்டும். சாதாரணத் தேமலிலும் வெண்புள்ளியிலும் உணர்ச்சி குறையாது. வெண்புள்ளியை 'வெண்குஷ்டம்' என்று அழைத்து எத்தனை பேரை நாம் வீணாக ஒதுக்கியிருக்கிறோம்!

மீண்டும் அந்தச் சுண்ணாம்புக்கல் சில்லுக்கு வருவோம். உங்கள் எடை 50 கிலோ என்றும், பாதம் தரையில் பதியும் பரப்பு 100 சதுர செ.மீ. என்றும் கொள்க. ஒரு காலில் நிற்கும்போது ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் அரைக் கிலோ எடை. 1 சதுர செ.மீ. அளவுள்ள சில்லின் மீது எடையில் பாதி விழுந்தால், அங்கே 25 கிலோ. ஐம்பது மடங்கு! நாம் உடனே காலை எடுத்துவிடுகிறோம். மரத்த பாதம் அதன் மீதே மைல் கணக்கில் நடக்கும். சில்லே இல்லாவிடினும், ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் மிதமான அழுத்தம்கூடத் திசுவைப் புண்ணாக்கிவிடும். நீண்ட தூரம் நடக்கையில் நாம் அறியாமலே நடையை மாற்றிக்கொள்வது இதனால்தான். மரத்த பாதம் மாற்றிக்கொள்வதில்லை. எனவே பாரத்தைப் பரவலாக்கும் மென்மையான நுண்ணறை ரப்பர் செருப்புகள் உருவாயின.

நைலான் இழையை மறந்துவிடவில்லை. ஓர் ஈர்க்குச்சியை மின்னணுத் தராசின் மீது செங்குத்தாக வைத்து அழுத்திப் பாருங்கள். எடை ஏறிக்கொண்டே வந்து, குச்சி வளைந்த கணத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் எடை அதிகம் ஏறாது. குச்சியைப் பாதியாக ஒடித்தால் நான்கு மடங்கு விசை தேவை. தடிமன் இரு மடங்கானால் பதினாறு மடங்கு. 18ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் தந்த விதி இது. ஆகவே அளவாக வெட்டிய நைலான் இழை, யார் கையில் இருந்தாலும், வளையும்போது ஒரே விசையைத்தான் தரும். 10 கிராம் எடைக்கு வளையும் இழையை உள்ளங்காலில் வைத்து, அது தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். தொழுநோய்ச் சிகிச்சையில் பயன்பட்ட இந்த இழை, இன்று சர்க்கரை நோய் மருத்துவர்களின் மேசையிலும் இருக்கிறது.

இழை இல்லாமலும் ஒரு சோதனை உண்டு. 2011இல் இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் வெளியிட்டது. செருப்பு நழுவியது தெரியாமல் நடக்கும் தாத்தாவோ அப்பத்தாவோ வீட்டில் இருந்தால் செய்து பாருங்கள். கண்ணை மூடச் சொல்லுங்கள். ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை உங்கள் ஆள்காட்டி விரலால் ஓரிரு விநாடி மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்டது தெரிந்ததும் வலமா இடமா என்று அவர் சொல்லவேண்டும். 'இப்போது தெரிகிறதா?' என்று நீங்கள் கேட்கக் கூடாது. கேட்டால் தெரியாவிட்டாலும் 'தெரியுது கண்ணு' என்று சொல்லிவிடுவார்கள். ஆறு விரல்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், அந்த வாரமே மருத்துவரிடம் பாதத்தைக் காட்டச் செய்யுங்கள்.