மீனுக்கு ரத்தம் ஊறும் இடம்

பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் விடுகிற நம்ம செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் பக்கத்து உழவர்கள் என்னைக் கேட்கும் முதல் கேள்வி, "மீனுக்கு நோய் வந்தா என்ன மருந்து போடறது?" என்பதுதான். மீனின் ரத்தம் எப்படி வேலை செய்யுதுன்னு முதல்ல பார்த்துடலாம். பாதி பதில் அதிலேயே இருக்கு.

மீன் கழுவும்போது முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை தெரியும். உறைந்த ரத்தம் என்று சுரண்டிப் போட்டுவிடுவோம். அதுதான் மீனின் சிறுநீரகம். நமக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுகிறது. மீனின் எலும்பில் அந்த வேலை நடப்பதில்லை; சிறுநீரகத்தின் முன்பகுதிதான் அதற்கு முக்கியமான இடம். உயிர்வளி சுமக்கும் சிவப்பணு, நோயோடு போராடும் வெள்ளணு இரண்டும் அங்கேதான் பிறக்கின்றன.

அந்த இடத்திலேயே ஒட்டுண்ணி குடியேறினால் என்ன ஆகும்? குளிர்நாட்டு ஆறுகளில் டிரவுட் போன்ற சால்மன் குடும்பத்து மீன்களுக்கு வரும் சிறுநீரக நோய் இதற்கு நல்ல பாடம். நீருக்குள் கல்லிலும் வேரிலும் பாசி போலப் படர்ந்து வாழும் பிரையோசோவா என்ற சிற்றுயிரில் அந்த ஒட்டுண்ணி வளர்கிறது. அங்கிருந்து வெளிவந்து, மீனின் செவுள், தோல் வழியாக ரத்தத்தில் கலந்து சிறுநீரகம் சேர்கிறது. அதைச் சூழ்ந்து வெள்ளணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகுகின்றன. சிறுநீரகம் வீங்குகிறது, சிவப்பணுவுக்கு இடமில்லாமல் போகிறது. சோகை பிடித்துச் செவுள் வெளுக்கிறது. ஒட்டுண்ணி ஒரு பங்கு கெடுத்தால், எதிர்ப்பே எல்லை மீறி இன்னொரு பங்கு கெடுக்குது.

இதில் வெப்பத்தின் பங்கு பெரிது. நீர் குளிர்ச்சியாக இருந்தால் பல மீன்கள் தாக்குப்பிடிக்கும். சுமார் 15 டிகிரியைத் தாண்டினால் சாவு கூடும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 2016 ஆகஸ்டில் யெல்லோஸ்டோன் ஆற்றில் ஆயிரக்கணக்கான மீன்கள் இப்படிச் செத்தன. ஆற்றின் 183 மைல் நீளத்தை மூடிவிட்டார்கள். இந்நோய்க்கு விற்பனையில் தடுப்பூசி கிடையாது. ஆனால் பிழைத்த மீனின் சிறுநீரகம் தேறிவிடுகிறது. அடுத்த முறை அந்த நோயைத் தாங்கவும் செய்கிறது.

அந்த நோய் நம்ம கெண்டை மீன்களுக்கு உரியதல்ல. ஆனால் அந்த ஒட்டுண்ணியின் உறவுக்காரங்க நம்ம குட்டையிலும் உண்டு. கட்லா, ரோகுவின் செவுளில் வெள்ளை முடிச்சுகளாகத் தெரிவது அவங்கதான். இந்த இனத்தில் பலவற்றுக்குச் சேற்றில் வாழும் புழுதான் நடுவீடு. உடலில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும் மீன் பேனும் சோகை உண்டாக்கும்.

நாம் செய்யக்கூடியவை:

1. கோடையில் குட்டையை வற்றவிட்டு, அடிமண் வெடிக்கும்வரை காயவிடுங்கள். புழுவும் ஒட்டுண்ணியும் குறையும். பிறகு மண்ணின் அமிலத்தன்மை பார்த்துச் சுண்ணாம்பு இடுங்கள்.

2. நெருக்கமாக விடாதீர்கள். ஏக்கருக்கு 2,000 குஞ்சு போதும். நெரிசலில் மீனுக்கு கார்டிசால் சுரப்பு ஏறும். ரத்தத்தில் வெள்ளணு குறையும்.

3. 20 டிகிரி நீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு உயிர்வளி பிடிக்கும்; 30 டிகிரியில் ஏழரைதான். சோகை பிடித்த மீனுக்கு இது இரட்டை அடி. வெயில் காலத்தில் சாணம், தீவனத்தைக் குறைத்து, விடியற்காலையில் புதுநீர் பாய்ச்சுங்கள்.

4. மாதம் ஒருமுறை வலை போட்டு நாலைந்து மீனின் செவுளைத் தூக்கிப் பாருங்கள். நல்ல சிவப்பு என்றால் ரத்தம் நன்றாக ஊறுகிறது. வெளுத்திருந்தால் சோதனை தேவை.

மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் உவர்நீரில் கொடுவா வளர்ப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. நன்னீர்க்காரர்கள் வாணியஞ்சாவடியில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழக வளாகத்தில் கேட்கலாம். செத்து நாறிய மீனில் ரத்தம் பார்க்க முடியாது. நோயுற்ற மீனை உயிரோடு, குட்டை நீரோடு கொண்டு போங்க.