பச்சை டிக்கை நம்பலாமா?



பம்ப்செட்டுக்குப் பேர்போன ஊர் நம் கோவை. ஹைட்ராலிக்ஸ் லேபில் பம்ப்பை டெஸ்ட் செய்யும்போது, சுவிட்சைப் போட்ட கையோடு ரீடிங் எழுதிவிடுகிறோமா? இல்லையே! கலெக்டிங் டேங்கில் தண்ணீர் 10 செ.மீ. ஏறும்வரை ஸ்டாப்வாட்சும் கையுமாக நிற்கிறோம். வெப் பக்கங்களை டெஸ்ட் செய்யவும் இதே பொறுமை வேண்டுமுங்க.

ஜாவாஸ்கிரிப்ட் தரநிர்ணயத்தில் 2015-ஆம் ஆண்டு சேர்ந்தது 'பிராமிஸ்'. சர்வரிடம் கேட்ட தகவல் உடனே வராது; 'பிறகு தருகிறேன்' என்ற வாக்குறுதிதான் முதலில் கைக்கு வரும். அதற்கு நிலைகள் மூன்று: காத்திருத்தல், நிறைவேறுதல், மறுக்கப்படுதல்.

பிரவுசரில் டெஸ்டுகளை ஓட்டுவது 'மோக்கா'. விடை சரியா என்று ஒப்பிடுவது 'சாய்' எனும் அசர்ஷன் லைப்ரரி. ரோல் நம்பர் கொடுத்தால் ஹால் டிக்கெட் காட்டும் பக்கம்தான் நம் புராஜெக்ட் என்று வைத்துக்கொள்வோம்.

1. டெஸ்ட் ஃபங்ஷன் பிழையின்றி முடிந்தால் மோக்கா 'பாஸ்' போட்டுவிடும். பிராமிஸின் 'தென்' பகுதிக்குள் அசர்ஷனை எழுதிவிட்டு, பிராமிஸை ரிட்டர்ன் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? ஹால் டிக்கெட் வந்து சேருமுன்பே பச்சை டிக் விழுந்துவிடும். அதில் வேறொருவர் பெயர் இருந்தாலும் அந்த டெஸ்ட் பாஸ்தான்! பிழை பிறகு வெடித்தால், சமயத்தில் அடுத்த டெஸ்டின் தலையில் விழும்.

2. மருந்து எளிது. பிராமிஸை ரிட்டர்ன் செய்யுங்கள், மோக்கா காத்திருக்கும். அல்லது 2017-இல் வந்த 'அசிங்க்–அவெய்ட்' முறையில் எழுதுங்கள். நாமாக மாற்றாவிட்டால் மோக்கா காத்திருப்பது 2 விநாடிதான். அதற்குள் முடிவு வராவிட்டால் ஃபெயில்.

3. தப்பான ரோல் நம்பருக்குப் பிராமிஸ் மறுக்கப்பட வேண்டும். இதைச் சோதிக்க 'கேட்ச்' பகுதிக்குள் மட்டும் அசர்ஷன் வைத்தால் போதாது. பிராமிஸ் நிறைவேறிவிட்டால் 'கேட்ச்' பக்கமே கோடு போகாது. மீண்டும் பொய் பாஸ்! 'சாய் ஆஸ் பிராமிஸ்ட்' என்ற துணை லைப்ரரியில் 'ரிஜெக்டட்' என்ற அசர்ஷன் உண்டு. அதுவும் ஒரு பிராமிஸையே தருகிறது. ஆகவே அதையும் ரிட்டர்ன் செய்யவோ அவெய்ட் செய்யவோ மறக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. டெஸ்டில் எதிர்பார்க்கும் விடையை வேண்டுமென்றே மாற்றி ஓட்டிப் பாருங்கள். சிவப்பு விழ வேண்டும். அப்போதும் பச்சையே காட்டினால், அந்த டெஸ்ட் எதையும் சோதிக்கவில்லை என்று அர்த்தம். வைவாவில் எக்ஸாமினர் கண்டுபிடிக்குமுன் நாமே கண்டுபிடிப்போம்!