ஆமை கற்றுத்தரும் பாடம்

2006 இல் சம்பூரை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல, 2015 க்குப் பின்னரே ஊர் திரும்பின. அன்று முகாம்களில் படித்த பிள்ளைகள் சிலர் இன்று பெற்றோர். படிப்பு இடையிடையே முறிந்த பிள்ளைக்கு "மொக்கு" என்ற பெயர் எளிதில் ஒட்டிவிடும் என்பதை அவர்கள் அறிவர். அவர்களின் பிள்ளைகளும் பிழைக்குப் பயந்தே வளர வேண்டுமா?

1967 இல் அமெரிக்காவில் சீமோர் பப்பேட்டும் அவரது தோழர்களும் சிறுவர்களுக்காக 'லோகோ' என்னும் கணினி மொழியை ஆக்கினர். பின்னர் அம்மொழிக்குக் கீழ்ப்படிந்து நிலத்தில் ஊர்ந்து கோடு கீறும் சிறு றோபோவையும் செய்தனர். அதற்கு 'ஆமை' என்று பெயர். இன்று ஆரம்ப வகுப்புகளில் பயன்படும் 'பீ-பொட்' என்ற தேனீ வடிவ றோபோ அதன் வழிவந்தது. முன்செல்லும் பொத்தானின் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் அது 15 சென்ரிமீற்றர் நகரும்.

இந்த றோபோ தானாக யோசிக்காது. சொன்னதை மட்டுமே செய்யும். எனவே அது வழி தவறினால் பிழை கட்டளையில்தான் உள்ளது. பிள்ளை அந்தப் படியைத் தேடித் திருத்துகிறது. வேலையைப் படிகளாகப் பிரித்தல், வரிசைப்படுத்தல், பிழையைக் கண்டு திருத்தல் ஆகியவற்றைக் 'கணிமைச் சிந்தனை' என்பர். நமக்கு இது புதிதல்ல. கடைசி வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் நாம் வயலை ஏசுவதில்லை; வாய்க்கால் வழியே நடந்து அடைப்பைத் தேடுகிறோம்.

றோபோ இல்லாமலும் இப்பாடத்தைத் தொடங்கலாம்:

1. முற்றத்தில் ஐந்துக்கு ஐந்தாக 25 கட்டங்கள் கீறுங்கள்.

2. இடது மூலைக் கட்டத்தில் ஒரு பிள்ளை 'ஆமையாக' முன்னே பார்த்து நிற்கட்டும். அங்கிருந்து மூன்று கட்டம் முன்னும், பின் இரண்டு கட்டம் வலப்புறமும் தள்ளி ஒரு கல்லை வையுங்கள்.

3. மற்றப் பிள்ளைகள் கட்டளையை முதலில் முழுமையாக எழுதட்டும்: முன் 3, வலம், முன் 2. 'வலம்' என்றால் நின்ற இடத்திலேயே வலப்பக்கம் திரும்புதல்.

4. 'வலம்' விடுபட்டால் ஆமை கட்டத்துக்கு வெளியே போய்விடும். ஏசாதீர்கள். "எந்தப் படியில் பிழைத்தது?" என்று மட்டும் கேளுங்கள்.

5. பின்னர் 'முன் 2, வலம்' என்பதை நான்கு தரம் செய்விக்கவும். ஆமை சதுரமாகச் சுற்றி, தொடங்கிய கட்டத்துக்கே வந்து சேரும்.

கூடிப் பேசுவோம்:

● நம் பிள்ளை பிழைவிட்டபோது கடைசியாக நாம் சொன்ன சொல் என்ன?

● அதற்குப் பதிலாக என்ன கேட்டிருக்கலாம்?